தங்கப் பொத்தான்கள் மேலே போன கதை

தங்கப் பொத்தானோடு செத்தவனுக்கு மோட்சம் கிடையாது என்று நானும் ஒருநாள் நம்பினேன். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வந்த படகு பேயாட்டம் ஆடியபோது பிறந்த ஞானம் அது.

பக்கத்தில் ஓர் உபதேசியார். ஒட்டுப்போட்ட கறுப்புக் கோட்டு, வெறுங்கால். கைக்கு எது வந்தாலும் அடுத்த கைக்குத் தள்ளிவிடுவார். நான் கொடுத்த வாழைப்பழம்கூட எதிரே உட்கார்ந்திருந்த மீன்கூடைக்காரிக்குத்தான் போனது.

“ஆதி கிறிஸ்தவங்க சொத்தைச் சேர்த்து வைக்கல அண்ணே. ஏழைக்குக் குடுத்தா, நமக்கு முன்னாடியே அது மேல போய்ச் சேர்ந்துடும்னு நம்புனாங்க.”

அலையொன்று முகத்தில் அறைந்தது. என் சட்டையிலிருந்த நாலு தங்கப் பொத்தானையும் கழற்றி அவர் கையில் திணித்தேன்.

கரை தெரிந்ததும் என் பக்தி வடிந்தது. “உபதேசியாரே, அந்தப் பொத்தான்…”

“பழம் வாங்குன அக்காகிட்ட அப்பவே குடுத்துட்டேன்லா. இந்நேரம் மேல போயிருக்கும்.”

படகு கவிழவில்லை. மீன்கூடைக்காரி முதல் ஆளாக இறங்கிப் போனாள். நான் சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.