மை குடித்த எழுத்து

அந்த அச்சகத்தில் அவளுக்குப் ‘புள்ளி அக்கா’ என்றுதான் பெயர். மருந்துப் பாட்டில்களில் ஒட்டும் லேபிள்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது அவள் வேலை. ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி சரியாக விழவில்லையென்றால் ஓடுகிற மெஷினையே நிறுத்தச் சொல்வாள். “ஒரு புள்ளிக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?” என்று மேனேஜர் அலுத்துக்கொள்வார். அவள் அசையமாட்டாள்.

அப்பேர்ப்பட்டவளின் கைவேலையே அவளுடைய சொந்த அக்காவுக்கு வினையாக வந்தது. அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். கொஞ்ச காலமாகக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு காலையில் காதில் விடவேண்டிய சொட்டு மருந்தைக் கண்ணில் விடப் போனாள். நல்லவேளை, மூடியைத் திறந்ததும் வாடை காட்டிக்கொடுத்துவிட்டது.

“‘காதுக்கு மட்டும்’னு போட்டிருக்கே அக்கா!”

“போட்டிருந்தா போதுமா? எல்லாம் கம்பி கம்பியா இருக்கு. எவடி இதைப் போட்டவ?”

தங்கை பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். போட்டவள் அவளேதான்.

அன்று மத்தியானம் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் படித்த காலத்து நர்ஸிங் கையேட்டைத் தடங்கலில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். லேபிளில் இருந்ததைவிட அதில் எழுத்து ஒன்றும் பெரிதில்லை.

“இது மட்டும் எப்படித் தெரியுது?”

“இதுல எழுத்தெல்லாம் நல்லா சாப்பிட்டு வளர்ந்திருக்குடி.”

தங்கை லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அடித்த பக்கம் அது. சுழிகள் மூச்சுவிட இடம் வைத்துத் திறந்திருந்தன. புள்ளிகள் மிளகு மாதிரி திரண்டிருந்தன. அந்த ஜாதி எழுத்து எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடையாது. நாமே செய்துவிட வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவு கட்டினாள்.

ஆபீஸ் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையே பட்டறையானது. பக்கங்களை ஸ்கேன் செய்து பார்த்தால், ஒரு ‘ழ’ பூசினாற்போல இருந்தது; அடுத்த ‘ழ’ பஞ்சத்தில் அடிபட்டிருந்தது. எது நிஜம்? ஈயத்தையே பார்த்தால்தான் தெரியும். கையேட்டில் இருந்த அச்சகத்தாரின் பெயரை வைத்து நாலு பேரிடம் விசாரித்து, கடைசியில் அவர் மகனின் தையல்கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். எழுத்து வைக்கும் மரத்தட்டின் அறைகளில் இப்போது நிறம் நிறமாகப் பொத்தான்கள்! எழுத்துகள் ஒரு தகர டப்பாவுக்குள் குவிந்து கிடந்தன.

“எங்கப்பா எழுத்தைக் கோத்தாரு, நான் பொத்தானைக் கோக்கிறேன். எடுத்துட்டுப் போங்க, டப்பாவாவது காலியாகும்” என்றார் தையல்காரர்.

ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாள். மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கரி பிடிக்கவைத்து, வழவழப்பான காகிதத்தில் ஒற்றினாள். முடியிழை மாதிரி கூர்மையாக வந்து விழுந்தது எழுத்து. அதைப் பார்த்தே மாதக்கணக்கில் வரைந்து, முதல் பிரதியை அடித்துப் பெருமையாக அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா கிட்டவும் எட்டவும் பிடித்துப் பார்த்தாள். “அழகாத்தான் இருக்கு. ஆனா என் புத்தகத்து ஆளு இது இல்லடி. காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு.”

தங்கைக்கு முகம் தொங்கிப்போயிற்று. சில நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. “ஒரிஜினல்லேருந்துதானே எடுத்தே? அப்புறம் என்ன குறை?” என்று கணவர் ஆறுதலுக்குத்தான் கேட்டார். அவளுக்கு அதிலேயே பொறி தட்டியது. ஒரிஜினல் எது? ஈயம் பாதிதான். மையும் சொரசொரப்பான காகிதமும் சேர்ந்து அழுத்தியபோது எழுத்து ஊறிப் பருத்திருக்கிறது. அச்சை வெட்டிய மனுஷன் அதைத் தெரிந்துதான் மெலிதாக வெட்டியிருக்கிறான்!

மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள். கரித் தடத்தைப் புத்தகப் பக்கத்தோடு ஒப்பிட்டு, மை குடித்த அளவுக்கு மட்டும் சதை வைத்தாள், திட்டுகளை ஒதுக்கினாள். கையேட்டிலும் டப்பாவிலும் இல்லாத எழுத்துகளும் இருந்தன. ‘ஞௌ’ எந்த நர்ஸுக்குத் தேவைப்பட்டது? அவற்றை அண்ணன் தம்பி எழுத்துகளின் சாயலில் தானே வரைந்தாள். தும்பிக்கை வைத்த பழைய ‘லை’யையும் விடவில்லை, இன்றைய ‘லை’யோடு அதுவும் இருக்கட்டும் என்று உள்ளே சேர்த்தாள்.

இந்தத் தடவை இருமல் மருந்து லேபிள் ஒன்றை அடித்துக் கொடுத்தாள். அக்கா கடகடவென்று வாசித்து முடித்து நிமிர்ந்தாள்.

“ஏண்டி, இது பெரியவங்களுக்கா, குழந்தைக்கா? வயசு போட வேண்டாமா? என்ன லட்சணத்துல வேலை பார்க்கிறீங்க?”

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தங்கை அக்காவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

எழுத்துருவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டாள். வடிவமைத்தவர் பெயர் கேட்ட இடத்தில், ‘முதலில் வெட்டியவர் யாரென்று தெரியவில்லை’ என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரைச் சேர்த்தாள்.

போன வாரம் பஸ்ஸில் போகும்போது ஒரு டயர் கடையின் போர்டில் அதைப் பார்த்திருக்கிறாள். இடம் நிரம்பட்டும் என்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்துச் சப்பையாக்கியிருந்தார்கள். “பாவிங்களா!” என்று அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். கடைக்காரர் பேந்தப் பேந்த விழிக்க, அவருடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, போர்டை ஒழுங்காக வடிவமைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.