எனக்கு முன்னால் போனவர்

அம்மை குத்தும் உத்தியோகத்தில், கையை நீட்டுகிறவரைவிடக் குத்துகிறவனுக்குத்தான் பயம் அதிகம். வீடு வீடாக ஏறி இறங்கி, முகத்தில் அடித்தாற்போலச் சாத்தப்பட்ட கதவுகளைப் பார்த்த அன்பர்களுக்கு இது புரியும். ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டிலிருந்து என்னை மகாபலிபுரம் கரையோரக் குப்பங்களுக்கு அனுப்பினார்கள். அத்தனை உயிரும் என் ஒருவன் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு போனேன்.

காலியான குப்பம்

என் தோல்பையைத் தூரத்தில் பார்த்ததுமே குப்பம் காலி. ஆண்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டார்கள். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பனங்காட்டுக்குள் ஓடினார்கள். பக்கத்துக் குப்பத்தில் பெரியம்மைக்கு இரண்டு பேர் பலியாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இங்கே எத்தனை பேர் போவார்களோ என்று அம்மன் கோயில் எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மீன் விற்கும் கன்னியம்மா மட்டும் வந்து, எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குப் பயம்? நேத்தே ஆத்தாகிட்ட பூ போட்டுப் பாத்துட்டேன். வெள்ளைப் பூ வந்துச்சு, ஆத்தா சரின்னுட்டா. நீ குத்து நைனா!"

ஏகாம்பரத்தின் கதவு

கட்டுமரக்காரர் ஏகாம்பரம் வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் மகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். கடைசித் தடவை, போலீஸைக் கூட்டிவருவேன் என்று வாசலில் நின்று கத்திவிட்டேன். திரும்பும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. பயந்துபோய்ப் பெண்ணோடு எங்கேயாவது ஓடிவிட்டால்?

மறுநாள், சதுரங்கப்பட்டினம் பக்கம் குத்திக்கொண்டிருந்த சகா தேவராஜனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்தார்.

"உம்ம ஏகாம்பரமா? காலையில மகளைத் தோள்ல தூக்கிக்கினு எங்கிட்ட வந்துட்டான்யா, பின்னாலயே பதினோரு பேரு! அம்மையில செத்த தம்பி கனவுல வந்து அழுதானாம்."

தோப்புக் குடிசை

வள்ளி புதுப்பெண். அம்மை கண்டதும் புருஷன் வீட்டார் பயந்துபோய் அவளைச் சவுக்குத் தோப்புக் குடிசையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். வேறு குப்பங்களில் மாட்டிக்கொண்டதால் மூன்று நாள் என்னால் அங்கே போக முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காதே, செத்தே போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் இளநீரோடு மணலில் ஓடினேன். குடிசைக்குள் சத்தமே இல்லை.

குனிந்து பார்த்தேன். வள்ளி கண் திறந்திருந்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். முனியம்மா. முகமெல்லாம் தழும்பு, ஒரு கண் இல்லை. குப்பத்தில் யாரும் நல்ல காரியத்துக்கு அழைக்காத பெண். முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறாளாம். வள்ளி பிழைத்ததும் அவளால்தான்.

"உன்னை யார் அனுப்பினது?" என்றேன்.

"யாரு அனுப்பணும்? சின்ன வயசுல எனக்கும் வந்துச்சு. கண்ணு போச்சு, உசுரு கீது. என்னை இன்னாத்துக்கு வுட்டு வச்சேன்னு ஆத்தாவைக் கேட்டுக்கினே இருந்தேன். இப்பத்தான் பதில் சொன்னா."

இன்றைக்கும் பையைத் தூக்கினால் எனக்குப் பயம்தான். ஆனால் நான் போகும் ஊருக்கெல்லாம் கடவுள் முந்தின பஸ்ஸிலேயே போய் இறங்கிவிடுகிறார் என்பதால், ஏதோ இரண்டு வாய் சோறு உள்ளே போகிறது.