நூறு ஏக்கராவில் ஒரு வீடியோ கேம்

கம்ப்யூட்டருக்குள் ஊர் கட்டுகிற வேலை பார்த்தவள் நான். செங்கல் சுமக்க வேண்டாம், தலைவலி மட்டும் நிஜ மேஸ்திரிக்கு உள்ளதேதான். முதலாளி சொன்னதை அப்படியே செய்துவிட்டு, அதற்கே திட்டும் வாங்கிய புண்ணியவான்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் கடைசி. கணபதி என்ற பகுதியில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறை, அதன் மாடியில் இரண்டு கம்ப்யூட்டர். படம் வரைய ரபீக். அந்தப் படங்களை வைத்து விளையாட்டை அமைக்க நான். புதையல் தேடும் வீடியோ கேம் ஒன்று செய்துகொண்டிருந்தோம். அதை வாங்க சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடிக்காவிட்டால் இனி மாடியில் பம்ப் பில் அடிப்பதுதான் எங்கள் வேலை என்று பட்டறை முதலாளி சொல்லிவிட்டார்.

பூமி போதாது

முதலில் ஒரு சின்ன ஊர் செய்தேன். ஒரு சந்தை, ஒரு கிணறு, கிணற்றுக்குள் சந்தைக்குப் போகும் ஒரு சுரங்கம். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஏதாவது இருக்கும். எனக்கு ஒரே பெருமை. முதலாளிக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம் துரவு உண்டு. திரையைக் குனிந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க அம்மணி, இதென்ன ரெண்டு சென்ட்டு எடத்துல குடித்தனம்? நூறு ஏக்கராவாச்சும் போடுங்க. பாக்கறவன் மலைச்சுப் போகோணும்!"

கணக்கர் நடந்த நடை

போட்டேன். ஊர் எல்லையிலிருந்து கிணற்றுக்குப் போவதற்குள் எனக்கே விரல் மரத்துப்போனது. வழியெல்லாம் பச்சை. ரபீக் வரைந்த ஒரே தென்னைமரம் திரும்பத் திரும்ப வந்தது. விளையாடிப் பார்க்கக் கணக்கர் நாச்சிமுத்து அண்ணனைக் கூப்பிட்டோம். யாரையும் குறை சொல்லாத மனுஷன். கொஞ்ச நேரம் அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினார். பிறகு அதன் மேல் பேப்பர் வெயிட்டை வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

"நானொரு டீ குடிச்சுப்போட்டு வாரனுங்க. கெணறு வந்துச்சுன்னா ஒரு சத்தங் குடுங்க."

வந்த ஆத்திரத்தில் அடிக்கு ஒரு பானை, பானைக்கு ஒரு திருடன் என்று நிரப்பித் தள்ளினேன். மறுநாள் அதே அண்ணன்:

"காரமடைத் தேருக் கூட்டத்துல மாட்டிக்கிட்டாப்புல இருக்குதுங்க. பொதையல் வேண்டாம், வெளிய போற வழியக் காட்டுங்க போதும்."

பயிரை மிதிக்கிறான்

பானையிலும் திருடனிலும் பாதியைக் குறைத்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தபோது முதலாளி மேலே வந்தார். கதாநாயகன் கரும்புக்குள் புகுந்து நடப்பதைக் கண்டு பதறிப்போனார். யார் நிலத்தில் யார் நடப்பது? எல்லாவற்றுக்கும் கம்பி வேலி போடச் சொன்னார், என் சந்தைக்கும் கிணற்றுக்கும்கூட. எங்கேயும் நுழைய முடியாவிட்டால் எதைத் தேடுவது என்று கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தேடட்டும் அம்மணி, ஆரு வேண்டாங்கறா? ரோட்டுல நின்னு தேடட்டும்."

வேலி போட்டேன். கிணற்றுக்குப் பின்னால் மட்டும், வேண்டுமென்றே, ஒரு ஆள் நுழையும் இடத்தை விட்டுவைத்தேன். ரபீக்கிடம்கூடச் சொல்லவில்லை.

வாங்க வந்தவர்

சென்னைக்காரர் ரோட்டோடு நடந்தார். கொட்டாவி விட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனவர், சும்மா வேலியை உரசிக்கொண்டே போய், கம்பியில்லாத இடத்தில் உள்ளே புகுந்துவிட்டார். "அது வழியில்லீங்க, திரும்பி வாங்க!" என்று முதலாளி கத்தினார். அவர் காதிலேயே வாங்கவில்லை. கிணற்றில் இறங்கி, சுரங்கத்தில் நுழைந்து, சந்தைக்குள் தலையை நீட்டி, ஒரு கதவு விடாமல் திறந்து பார்த்தார். வரவழைத்த சாப்பாடு ஆறிப்போனது.

கடைசியில் நிமிர்ந்தார். இந்தச் சின்ன ஊரை வாங்கிக்கொள்வதாகவும், சுற்றியுள்ள வெட்டவெளி வேண்டாமென்றும் சொன்னார். ரபீக் சத்தமில்லாமல் மேசையைத் தட்டினான். முதலாளி முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"இத்தன பூமியையும் தரிசாப் போட்டுப்போட்டுப் போறாரேங்க!"

இல்லாத நிலத்துக்கும் வேலி கேட்கிற முதலாளியிடம் வேலை நிலைக்க வேண்டுமானால், சொன்னதில் கொஞ்சம் செய்யாமல் விடவும் தெரிந்திருக்க வேண்டும்.