நிற்காத மெஷினை நிறுத்தச் சிதம்பரம் போனேன்

காலை 7.40. கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறும்போதே கோபத்தோடுதான் ஏறினேன். முந்தைய நாள் எங்கள் ஸ்டார்ட்அப்பின் வாட்ஸ்அப் குழுவில் நிறுவனர் ஒரு வீடியோ போட்டிருந்தார். நாங்கள் செய்து விற்ற மசாலா பாக்கெட் மெஷின் சிதம்பரத்தில் ஓடுகிறது, முன்கதவு திறந்தபடி. ஒரு பெண் உள்ளே கைவிட்டுத் துடைக்கிறார். கீழே நிறுவனரின் வரி: "நிற்காத மெஷின். கஸ்டமர் செம ஹேப்பி."

கதவைத் திறந்தால் மெஷின் நின்றாக வேண்டும். அதற்கென்றே கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. முதலீட்டாளர்கள் வந்த அன்று, உள்ளே நடப்பதை அவர்கள் பார்க்கட்டும், கதவு திறந்தே ஓடட்டும் என்றார் நிறுவனர். ஒரு சிவப்பு வயரைப் போட்டு அந்தச் சுவிட்சை ஏமாற்றியவன் நான். மெக்கட்ரானிக்ஸ் படித்தவன். அன்று மாலையே கழற்றியிருக்க வேண்டும். கைதட்டல், பிரியாணி, மறந்துவிட்டேன். அதே மெஷின்தான் அப்படியே சிதம்பரத்துக்குப் போனது.

நாற்பத்தைந்து கிலோமீட்டர், நாற்பது ரூபாய். ஆலப்பாக்கத்தில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க" என்றேன் நடத்துனரிடம்.

"அவசரம்னா நேத்தே கெளம்பியிருக்கணும் மச்சான்."

அவர் சொன்னது சரி. அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

9.25. சிதம்பரம். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து அண்ணாமலை நகர் போனேன். மாணவர் லாட்ஜ்களுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. முதலாளி கலியபெருமாள் டீ வாங்கிக் கொடுத்தார். மெஷினை ஓட்டும் செல்வி அக்காதான் வீடியோவில் இருந்தவர். உள்ளே பாக்கெட்டின் வாயை ஒட்டும் இரண்டு சூடான இரும்புப் பட்டைகள் நிமிடத்துக்கு முப்பது முறை மூடித் திறக்கும். நடுவில் கத்தி.

"பொடி ஒட்டிக்கிது தம்பி. அது தொறக்குறப்ப கைய உட்டு எடுத்துடுவேன். பழகிடுச்சு."

அவர் ஆள்காட்டி விரலில் இரண்டு தீக்காயங்கள். நான் மின்சாரத்தை அணைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நிக்காதுன்னு சொல்லித்தானே வித்தீங்க?" என்றார் கலியபெருமாள்.

"தப்பு சார். அந்த வயரப் போட்டது நான்தான்."

செல்வி அக்கா என்னையே பார்த்தார். "அப்ப இது நிக்குற மெஷினா? இத்தன நாளு எங்க இருந்தீங்க?"

வெளியே வந்து நிறுவனரை அழைத்தேன்.

"அதத் தொடாத ப்ரோ. கஸ்டமரே கேக்கல, உனக்கு என்ன?"

"கை போனா கேப்பாங்க."

"லால்பேட்டை, கம்மாபுரம் மெஷின்லயும் அதே வயர்தான் இருக்கு. நீ செஞ்சதப் பாத்துத்தான ட்ராயிங் போட்டோம்? அங்க ஒரு கம்ப்ளைண்ட் இல்லையே."

ஒரு நாள் ஏமாற்று வேலை வரைபடத்தில் ஏறி, இன்னும் இரண்டு ஊர்களுக்கும் போயிருக்கிறது. அந்த வயர் எதற்கு என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பேச்சு முடியுமுன்பே அழைப்பைத் துண்டித்தேன்.

வயரைக் கழற்றி மெஷினை ஓடவிட்டேன். செல்வி அக்கா கதவைத் திறந்தார். நின்றது. மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் நின்னா ஆர்டர எப்புடி முடிக்கிறது?" என்றார் கலியபெருமாள்.

"நின்னா நிக்கட்டும் மாமா. எங்கிட்ட வெரலு பத்துதான் இருக்கு."

12.10. மீண்டும் சிதம்பரம் பேருந்து நிலையம். மதியம் மீட்டிங், உடனே கடலூர் வரவும் என்று நிறுவனரின் செய்தி. நான் கம்மாபுரத்தை அழைத்தேன். விவரம் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அடுத்து லால்பேட்டை.

"நல்லாத்தானே ஓடுது தம்பி, எதுக்கு நிறுத்தணும்? இப்பகூட கதவத் தொறந்து போட்டுத்தான் வேல நடக்குது."

காட்டுமன்னார்கோயில் பேருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறி, லால்பேட்டைக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.