அம்மா ஊட்டுக் கூண்டு

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் சாலையில், ஆராய்ச்சிக்காகக் குரங்குகள் வளர்த்த பண்ணை ஒன்றில் எனக்கு முதல் வேலை. அறுபதுகளின் கடைசி. கோயமுத்தூரில் பரிசோதனைக்கூடப் படிப்பு முடித்திருந்தேன். சினையான குரங்குகளைக் கவனிப்பது என் பொறுப்பு.

சினை உறுதியானதும் கூட்டத்திலிருந்து பிரித்து, மூலையிலிருந்த தனிக்கூண்டுக்கு மாற்றுவது வழக்கம். அதற்கு எல்லோரும் வைத்த பெயர் 'அம்மா ஊடு', அதாவது தாய்வீடு. பனியன் கம்பெனி வேஸ்ட் துணியில் மெத்தை, கூடுதல் நிலக்கடலை, வாழைப்பழம். சண்டை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. பிள்ளைத்தாய்ச்சியைச் சீராட்டுவது போலத்தான் செய்தோம்.

காது கிழிந்த குரங்கு ஒன்று அங்கே இரண்டு முறை குட்டியை இழந்தது. இரண்டாம் முறை, இறந்து பிறந்ததை மார்போடு அணைத்துக்கொண்டு விடவில்லை. அதுவாகக் கீழே வைக்கும்வரை, கூண்டு பார்க்கும் அக்கா யாரையும் கதவைத் தொட விடவில்லை. மூன்றாவதும் தவறினால் சென்னை ஆய்வுக்கூடத்துக்கு லாரி ஏற்றிவிடுவார்கள். அங்கே போனவை திரும்பியதில்லை.

மறுபடியும் சினை உறுதியானபோது காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். தீனி: குறையில்லை. காய்ச்சல்: இல்லை. அடி: இல்லை. தண்ணீர்: எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி. மிச்சம் தனிமைதான். கூட்டத்தில் இருக்கும்போது ஒரு கிழட்டுக் குரங்கு தினமும் இதற்குப் பேன் பார்க்கும். கூண்டு மாறியதும் இது கம்பியில் முதுகைத் தேய்த்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும்.

"கிழவியையும் கூடவே விடலாங்களா?" என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "நாளைக்கு வளைகாப்பும் வெக்கோணும்பீங்களாட்ட இருக்குது, அம்மணி."

அக்கா தீனிக் கூடையை இறக்கிவைத்தாள். "ஏனுங் டாக்டரய்யா, அம்மா ஊடுன்னு பேரு வெச்சோம், உள்ள அம்மாவ வெக்கலீங்களே. வெறும் ஊட்டுக்கா புள்ளைய அனுப்புவாங்க?"

அவர் சாயங்காலம் கிழவியைப் பிடித்துவர ஆள் அனுப்பினார்.

ஒன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதன் பிறகும் பண்ணையில் கருக்கள் கலைந்தன. ஆனால் இந்தக் குட்டி உயிரோடு பிறந்தது. சென்னை லாரி வந்து, காது கிழிந்ததை ஏற்றாமலே போனது.

முதல் நாட்களில் அது குட்டியை யாருக்கும் காட்டவில்லை. பிறகு ஒரு காலை நான் போனபோது வெறுங்கையோடு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தது. கம்பியோடு ஒட்டிக்கொண்டு தரையெல்லாம் குட்டியைத் தேடினேன்.

"பயப்படாதீங்க கண்ணு, அங்க பாருங்க," என்றாள் அக்கா.

கிழவியின் மடியில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. கிழவி அதற்கும் பேன் பார்க்கத் தொடங்கியிருந்தது.