அக்கா கேட்ட முகம்

அக்கா நல்ல கறுப்பு. வரன் பார்க்க எடுத்த படத்தில் செகந்திராபாத் ஸ்டூடியோக்காரர் அவளை வெளுப்பாகக் காட்டிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டு வரன்கள் அப்படியே போயின. மூன்றாமவர் படமே கேட்காமல் நேரில் வந்து சம்மதம் சொன்னார். கல்யாணம் நிச்சயமானதும் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பவுடர் அப்பின மாதிரி மூஞ்சி எனக்கு நக்கோ. நான் எப்படி இருக்கேனோ அப்படியே எடுடீ."

மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்து டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்த திமிர் எனக்கு. வேறு ஆளே வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை, சர்ச்சுக்குப் புறப்படுமுன் வீட்டில் ஜெபம். அக்கா வெள்ளைப் பட்டில் நின்றாள். பின்னால் புதிதாக வெள்ளையடித்த சுவர். இவ்வளவு வெள்ளை கண்ணைக் கூசுமே என்று, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவை மைனஸில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் புடவை சாம்பல் நிறம். முகம் இருந்த இடத்தில் பல் மட்டும் தெரிந்தது. அதற்குள் பெரியப்பா ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய ஜெபம் சீக்கிரம் முடியாது. சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆசி கேட்பார். வழக்கமாக எனக்கு எரிச்சல் வரும். அன்று இன்னும் நாலு பேருக்குக் கேளுங்கள் என்று மனத்துக்குள் கெஞ்சினேன். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் கேமராவை நோண்டினேன். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அதுவே குறைத்துக்கொள்கிறது. மடச்சி, நானும் சேர்ந்து குறைத்திருக்கிறேன். பிளஸ் இரண்டு வைத்து எடுத்தேன். அதே ஸ்டூடியோ முகம்! பிளஸ் ஒன்றுக்கு இறக்கினேன். புடவையின் சரிகைப் பூ தெரிந்தது, அக்காவின் நெற்றி அதன் சொந்த நிறத்தில் மினுங்கியது, தாடையில் முந்தின நாள் வந்த பருவும் தெரிந்தது. கிளிக் சத்தம் கேட்டு அம்மா ஒரு கண்ணைத் திறந்து முறைத்தாள். அன்றைக்கு ஆமென் சொன்னவர்களில் என் குரல்தான் பெரிது.

கார் காத்திருந்தது. அக்கா கையை நீட்டி கேமராவை வாங்கினாள். திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஹவ், நான்தான்" என்று ஆமோதித்துத் தலையாட்டினாள்.

அழுது மையைக் கலைத்துவிடாதே என்று அம்மா அவளை அதட்டினாள். அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அழுதது நான்.