எழுபது அடித் தாழ்வாரம்

காஞ்சிபுரம் என்றால் கோயிலும் பட்டும்தான் என்று இருந்தவள் நான். 1973 ஐப்பசியில் அங்கே போனது இரண்டுக்காகவும் இல்லை. என் தம்பி சேகர் கட்டடக் கலை படித்து முடித்து, முதன்முதலாக வரைந்து கட்டிய நவீன ஓவியக் கூடம் அங்கே இருக்கிறது. அதன் நடுத் தாழ்வாரத்தைத் தடுத்து நான்கு கடைகள் போடப் போவதாக, அதைக் கட்டச் சொன்ன பட்டு முதலாளி முடிவு செய்துவிட்டார். "அக்கா, திங்கக்கிழமை சுவர் எழுப்புறாங்க. அதுக்கு முன்னாடி நீயாவது போய்ப் பார்த்துட்டு வா. என்னால முடியாது" என்றான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போடாமல் என்ன செய்வேன்?

பாரிமுனையில் காலை ஆறரைக்குப் பஸ். எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டே கால் ரூபாய். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், ஸ்ரீபெரும்புதூர் வரை வெயில் கன்னத்தில் அறையும். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் மேகம் கட்டிக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், "எந்தக் கோயிலுக்கும்மா?" என்றார். ஓவியக் கூடம் என்றேன். "ஓ, அந்த மொட்டக் கட்டடமா! கண்ணு மூக்கு இல்லாத பொம்பளைங்கள மாட்டி வெச்சிக்கினு இருக்கறாங்களே!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கட்டினது என் தம்பி" என்றேன். மனுஷன் பெடலை வேகமாக மிதித்தார். இறக்கிவிட்டு அறுபது பைசாவை வாங்கும்போது, "கட்டடம் ஸ்ட்ராங்காதாம்மா இருக்குது" என்று சமாதானம் சொன்னார்.

பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில், பூசாத செங்கல் கட்டடம். கூரை ரம்பப் பல் போல மடிந்து மடிந்து போகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் வடக்குப் பார்த்த கண்ணாடி. வெளிச்சம் வருகிறது, வெயில் வருவதில்லை. இரண்டு பக்கமும் படங்கள் மாட்டிய அறைகள். கண் இல்லாத அந்த மூன்று பெண்களையும் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரம் நின்றதும் பிடித்துப் போய்விட்டது. அறைகளுக்கு நடுவே, தெருவைப் பார்த்து அகலத் திறந்தபடி அந்தத் தாழ்வாரம். எழுபது அடி. நடுவில் ஒரு தூண் இல்லை, சுவரில் ஒரு படம் இல்லை. அடேயப்பா, என் தம்பியா இதைச் செய்தான்!

முதலாளி அங்கேதான் இருந்தார். சேகரின் அக்கா, பள்ளிக்கூட டீச்சர் என்று சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் கொத்தனார் தரையில் நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி தங்கமான புள்ள, டீச்சரம்மா. ஆனா இவ்ளோ எடத்த சும்மா போட்டு வெச்சிக்கிறாரே. கேட்டா, கண்ணு மூச்சு வாங்க எடம் வேணுமாம்."

"வேண்டாமா பின்னே?"

"மூச்ச வெளிய போயி வாங்கிக்கலாமேம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு தெருப் பக்கம் திரும்பினேன்.

எதிரே தெருவில் ஒரு குடும்பம் பாவு நீட்டியிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சரிசெய்வார்கள். பதினொரு மணிக்குச் சடசடவென்று மழை இறங்கியது.

"ஐயோ, சாயம் எறங்கிடும்! தூக்குங்கப்பா, தொய்ய வுடாதீங்க!" பாவுக்கார அம்மாள் சரோஜா போட்ட சத்தத்தில், எட்டுப் பேர் பாவை விறைப்பாகப் பிடித்தபடியே நேராகத் தாழ்வாரத்துக்குள் ஓடி வந்தார்கள். கொத்தனாரின் நூல் காலில் சிக்கி அறுந்தது.

"யாரு பாவு அது?" என்று முதலாளி அதட்டினார்.

"எதிர்க்கடை ஐயாதுங்க!"

எதிர்க்கடை என்றால் தொழிலில் போட்டிக்காரர். போச்சு என்று நினைத்தேன். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். "நடுவுல தொய்யுது பாரு! டீச்சரம்மா, நிக்கறியே, புடி!" இழைகளுக்கு நடுவே செருகியிருந்த மூங்கில் குச்சியை நானும் பிடித்தேன். மறுகோடியில் கொத்தனார் பிடித்தார்.

கட்டி முடித்ததும் சரோஜா அறுந்த இழை தேடினார். "தெருவுல கூட இப்டி தெரியாதுபா. கண்ணு கூசவே இல்ல" என்றார். முதலாளியும் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சாமான எடுத்துக்கினு கெளம்புபா. சுவரு வாணாம்."

"செங்கல்லு எறக்கியாச்சே முதலாளி?" என்றார் கொத்தனார்.

"கொல்லையில கக்கூஸ் கட்டு!"

அதைச் சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தின் தெருப் பக்கக் கோடிக்குப் போய் நின்றுகொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: ஒன்பதிலிருந்து ஐந்து வரை, செவ்வாய் விடுமுறை, நுழைவு இருபத்தைந்து பைசா. பக்கத்தில் சாப்பாடு கிடையாது, பஸ் ஸ்டாண்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். அன்றுதான் அந்தக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். தாழ்வாரத்தில் பாவு நீட்டியிருந்தால் தாண்டாமல் சுற்றிப் போங்கள். தாண்டப் போய் சரோஜாவிடம் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் பாரிமுனையில் சேகர் காத்திருந்தான். "சுவர் இல்லைடா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால், கவலையோடு ஒன்றுதான் கேட்டான்.

"நீளம் பத்துச்சாக்கா?"

"பத்தலைடா. ரெண்டு அடி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துது. மழை விடுற வரைக்கும் உன் முதலாளிதான் அதுக்குக் குடை பிடிச்சிக்கிட்டு நின்னார்."